ஒரே கோட்டுக்கு மூன்று கோணங்களா?

கொட்டாஞ்சேனை இரும்புக்கடைக்காரர்:

சாதாரண தரத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். நேற்றிரவு கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்தபடி அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாள்.

(1, 7), (4, 1) ஆகிய புள்ளிகளினூடாகச் செல்லும் நேர்கோட்டின் படித்திறனையும் சாய்வுக் கோணத்தையும் காண வேண்டும். படித்திறன் −2 என்பதில் சண்டையில்லை. வலப்பக்கம் மூன்று அலகு போனால் ஆறு அலகு இறங்குகிறது, அதாவது ஓர் அலகுக்கு இரண்டு அலகு இறக்கம், அது எனக்கே விளங்கியது. கோணம்தான் வில்லங்கம். கல்குலேட்டர் −63.43 பாகை என்கிறது, விடைத்தாள் 116.57 என்கிறது. அளந்தே பார்த்துவிடுவோம் என்று அவள் வரைந்த வரைபில் பாகைமானியை வைத்தேன். 135! அளவு நாடா பிடித்தே வயது போனவன், என் கை பிழைக்காது.

டியூஷன் ஆசிரியரிடம் கேட்டதற்கு, "180ஐக் கூட்டிவிடு, காரணம் பரீட்சைக்கு வராது" என்றாராம். மாதாமாதம் காசு கட்டுகிறவனுக்கு இந்தப் பதில் போதுமா?

இன்னொன்று. கூரைத்தகடு வாங்க வரும் மேசன்மார் "அடிக்கு மூன்று அங்குலம் சரிவு" என்பார்கள். ஆறு அங்குலமானால் கோணமும் இரட்டிப்பாகும் என்று நம்பியிருந்தேன். மகள் சிரிக்கிறாள்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

முதலில் அந்த 135. எக்ஸ் அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஓர் அலகும் வை அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டு அலகும் மகள் எடுத்திருப்பாள். தாளில் இடம் போதாதபோது பிள்ளைகள் செய்வதுதான். ஆறு அலகு இறக்கம் அங்கே மூன்று சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். போனதும் மூன்று, இறங்கியதும் மூன்று, ஆகவே 135. உங்கள் கை பிழைக்கவில்லை ஐயா. படித்திறனை அச்சிலுள்ள எண்களைக் கொண்டு கணிக்கிறோம், அதனால் அளவுத்திட்டம் அதைத் தொடாது. பாகைமானிக்கோ தாள் மட்டும்தான் தெரியும்.

மற்ற இரண்டும் ஒரே கோடு. நேர்கோட்டுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. 180 பாகை சுழற்றினால் தன்மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். ஒரு கோட்டுக்கு ஒரு கோணம்தான் என்று வைத்துக்கொள்வதற்காக, எக்ஸ் அச்சின் நேர்த் திசையிலிருந்து இடஞ்சுழியாக அளந்து, 0 முதல் 180க்குக் குறைவான கோணத்தை எடுக்கிறோம். அந்தக் கோணத்தின் தாஞ்சன் (tan) தான் படித்திறன். கல்குலேட்டரோ தாஞ்சனின் நேர்மாறை, அதாவது படித்திறனுக்குரிய கோணத்தை, −90க்கும் 90க்கும் இடையில்தான் தரும். அதனால்தான் 180ஐக் கூட்டுவது. இதைச் சொல்ல அந்த ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் போதும்.

மேசன் சொல்வது கோணமே அல்ல, படித்திறன். 12 அங்குலத்துக்கு 3 என்றால் 0.25, கோணம் 14.04 பாகை. 6 என்றால் 0.5, கோணம் 26.57தான், 28.08 அல்ல. அடிக்கு ஓர் அடியே உயர்த்தினாலும் 45 பாகைதான் வரும்.

தெமட்டகொடைக்காரன்:

ரயில்பாதையிலும் பாகைக் கணக்கு இல்லை. றம்புக்கணைக்கு அப்பால் மலையேறும் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி போனால் ஓர் அடி ஏறும். கோணமாக்கினால் ஏறத்தாழ 1.3 பாகை. கேட்பவர் "இவ்வளவுதானா?" என்பார். என்ஜினிடம் கேட்டால்தான் தெரியும்!

உயர்தர மாணவி:

ஐயா, நிலைக்குத்துக் கோட்டின் படித்திறன் முடிவிலி என்று எழுதினால் பிழையா?

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

வரையறுக்கப்படவில்லை என்று எழுதுங்கள், மகள். 89 பாகையில் படித்திறன் 57.29. 91 பாகையில் −57.29. 90ஐ ஒரு பக்கமிருந்து நெருங்கினால் மேலே பறக்கிறது, மறுபக்கமிருந்து நெருங்கினால் பாதாளத்துக்குப் போகிறது. எந்த முடிவிலியைச் சொல்வீர்கள்? நிலைக்குத்துக் கோடு பக்கவாட்டில் நகர்வதே இல்லை, ஆகவே பிரிக்கும் எண் பூச்சியம், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை இரும்புக்கடைக்காரர்:

கொப்பியைப் பார்த்தேன். வை அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டு அலகேதான்! இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையச் சொல்லி மறுபடி அளந்தேன். 116க்கும் 117க்கும் இடையில் நிற்கிறது. 116.57 என்றே எழுது என்றேன். பாகைமானியில் தசமம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்கிறாள்.