8 நாள் மிஷன் ட்ரிப்பில் ஒரு வீட்டை முழுசாகக் கட்டி முடிக்க முடியுமா?

கேள்வி – வாலிபர் ஐக்கியம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் மே மாதம் எங்கள் சபை வாலிபர்கள் 22 பேர் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்கு 8 நாள் போகிறோம். கைப்பிரதி கொடுத்து, விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்திவிட்டுத் திரும்புவதோடு நிற்காமல், ஓலைக்குடிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது எல்லாருடைய பாரமும். 16க்கு 16 அடி, காங்கிரீட் கூரை என்று நினைத்திருக்கிறோம். வயது 16 முதல் 25. கொத்துவேலை தெரிந்தவர் யாரும் இல்லை. வானம் தோண்டுவதில் தொடங்கிச் சாவி கொடுப்பதுவரை அந்த 8 நாளில் முடியுமா? செங்கல் எவ்வளவு இறக்க வேண்டும்? தங்கச்சிமாருக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

பதில் 1 – கரிசல்காட்டு இன்ஜினியர்

முடியாது, பிரதர். 22 பேர் அல்ல, 200 பேர் வந்தாலும் சிமெண்ட் தன் நாளை எடுத்துக்கொண்டுதான் இறுகும். கூரை போட்ட பிறகு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பூச்சு காய்ந்து பெயிண்ட் அடிக்க ஒரு மாதம் ஆகும். அவசரப்பட்டுச் சென்ட்ரிங் (கூரையைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரித்தால் கூரை தொய்யும், அதற்குப் பிறகு வைத்தியமே கிடையாது.

அதனால் வேலையை மூன்றாக உடையுங்கள். ஏப்ரலுக்குள் உள்ளூர் மேஸ்திரியை வைத்து அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் (தரைமட்டம் வரை எழும் அடிக்கட்டு) முடியட்டும். அது கரிசல் மண். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். ஆழத்தையும், மணல் நிரப்புவதையும் இன்ஜினியர் நேரில் குழி தோண்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பேஸ்மட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டிய காங்கிரீட் பெல்ட் இல்லாமல் அந்த மண்ணில் சுவர் எழுப்பாதீர்கள். இரண்டாவது கட்டம், மே மாதம் நீங்கள் வந்து சுவர் எழுப்புவது. கூரையும் பூச்சும் ஜூன், ஜூலையில் உள்ளூர் ஆட்கள் செய்யட்டும். காலாண்டு விடுமுறையில் நீங்கள் திரும்பப் போய்ப் பெயிண்ட் அடித்துச் சாவி கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குடும்பம் உள்ளே போய்விடும்.

16க்கு 16 வேண்டாம். 20க்கு 13 ஆக்கினால் பரப்பு ஏறத்தாழ அதேதான் (260 சதுர அடி), ஆனால் கூரையின் குறுக்கு அகலம் பதினாலரை அடியிலிருந்து பதினொன்றரை அடியாகக் குறைகிறது. 5 அங்குலக் கூரை போதும், கம்பியும் குறையும். அடுக்களையைப் பிரிக்கும் சுவரையும் 9 அங்குலத்தில் எடுத்தால் கூரைக்கு நடுவிலும் ஒரு தாங்கல் கிடைக்கும்.

கணக்கு இது: 10 அடி உயரத்துக்குக் கதவு, ஜன்னல் கழித்துச் சுவர் சுமார் 640 சதுர அடி. 9 அங்குலச் சுவரில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1,000 கல். ஆக 6,400, உடைசலுக்குச் சேர்த்து 6,800 இறக்குங்கள். ஒன்றுக்கு ஆறு கலவையில் சிமெண்ட் 19 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிய மணல்) ஒன்றரை யூனிட், அதாவது 150 கன அடி. ஒரு கொத்தனார் நாளைக்கு 500 முதல் 600 கல் வைப்பார். இரண்டு கொத்தனாருக்கு ஆறு நாள். ஞாயிறு ஆராதனை போக உங்கள் 8 நாளுக்குள் சரியாக அடங்கும்.

லிண்டலை (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் காங்கிரீட் உத்திரம்) மட்டும் ஏப்ரலிலேயே வார்த்து, இரண்டு வாரம் நனைத்து வைக்கச் சொல்லுங்கள். 3 அடி ஜன்னலுக்கு 4 அடி லிண்டல். 9க்கு 6 அங்குலத்தில் ஒன்று 100 கிலோவுக்கு மேல் வரும், தூக்க நாலு பேர் வேண்டும். முக்கியக் கம்பி அடிப்பக்கம்தான் இருக்கும். வார்த்த அன்றே மேல்பக்கத்தில் ஆணியால் "மேல்" என்று கீறிவிடுங்கள். காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். கவிழ்த்து வைத்துவிட்டால் பாரம் ஏறியதும் நடுவில் விரிசல் விடும்.

பதில் 2 – தூக்குக்குண்டு

இன்ஜினியர் சார் சொன்னது சரி. வேலைப் பங்கீட்டை நான் சொல்கிறேன், தம்பி. இரண்டு கொத்தனாருக்குக் கை கொடுக்க ஒரு நேரத்தில் 11 பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் காலில் கல் விழும். 11 பேராக இரண்டு அணி பிரியுங்கள். ஒரு அணி சைட்டில், ஒரு அணி விபிஎஸ், சமையல், தண்ணீர். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமாருக்குத் தனி வேலை எதற்கு? நம் ஊரில் சித்தாள் வேலையை அன்றாடம் சுமப்பதே பெண்கள்தான். கையுறையும் ஷூவும் எல்லாருக்கும் கொடுங்கள். செருப்போடு யாரும் கலவைக்குள் இறங்கக் கூடாது. சிமெண்ட் ஈரம் விரலிடுக்கில் நின்றால் சாயங்காலத்துக்குள் புண்ணாக்கிவிடும்.

முதல் அணி காலையில் போனதும் செய்ய வேண்டியது கல் ஊறப்போடுவது. தொட்டியில் போட்டால் குமிழி வரும். குமிழி நின்ற பிறகு எடுத்து, மேல் ஈரம் வடிந்ததும் கொடுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். மறுநாள் அந்தக் கல்லைக் கையால் அசைத்தாலே பெயர்ந்து வரும். மே வெயிலில் சொல்லவே வேண்டாம்.

ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. அதே அளவில் ஒரு மரப்பெட்டி அடித்து, மூட்டைக்கு ஆறு பெட்டி எம்-சாண்ட் போடுங்கள். பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) கணக்கு வேண்டாம், ஒருவர் குவித்துப் போடுவார், ஒருவர் வழித்துப் போடுவார். ஒரு மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கே கலக்குங்கள். இறுகிப்போனதில் தண்ணீர் ஊற்றித் திரும்பக் கிளறுவது வாலிபர்கள் எல்லா இடத்திலும் செய்கிற தவறு. பார்த்தால் இளகும், பிடிமானம் போயிருக்கும். அந்தப் பக்கம் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு. வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் கலவைக்கும் எடுக்காதீர்கள்.

மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அடி நூல் போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, அந்த இரண்டு முனைக்கும் குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. ஒரு நாளைக்கு ஒரு சுவரை நாலரை, ஐந்து அடிக்கு மேல் ஏற்றச் சொல்லிக் கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். பச்சைச் சுவர் தன் பாரத்திலேயே பிதுங்கும்.

பதில் 3 – உபதேசியார்

இதெல்லாம் தொடங்குமுன் மூன்று காகிதம் பாருங்கள். பட்டா அந்தத் தாயின் பெயரில் இருக்கிறதா? மாமனார் பெயரில் இருந்தால், வீடு எழும்பிய மறுமாதமே சொந்தக்காரர் வந்து நிற்பார். பஞ்சாயத்து அனுமதி வேண்டும். அரசுத் தொகுப்பு வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நாம் கட்டப்போய் அவருக்கு வரவேண்டிய உதவி தடைபடக் கூடாது.

உள்ளூர் கொத்தனாருக்கு முழுக் கூலி கொடுங்கள். ஊழியம் என்று சொல்லிக் குறைக்காதீர்கள். ஆலயத்துக்கு வந்தால்தான் வீடு என்ற பேச்சு எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது. ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை, இதை அந்த அம்மாவே சொல்லட்டும்.

வேலை காலை 6 முதல் 11 வரை, மாலை மூன்றரைக்கு மேல். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாரத்தில் ஏறவே கூடாது. எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு வாருங்கள். பின்னாளில் மொட்டைமாடிக்குப் படி வைக்கிற எண்ணம் இருந்தால் கைப்பிடிச்சுவருக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். புது வீடு கட்டுகிறவனுக்கு உபாகமம் 22ஆம் அதிகாரம் சொல்லும் கட்டளையே அதுதான்.

வாலிபர் ஐக்கியம்

ரொம்ப நன்றி ஐயா, அண்ணன்மாரே. 20க்கு 13 என்று மாற்றுகிறோம். செங்கல் செலவைக் குறைக்க எலிப்பொறிக் கட்டு நல்லது என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில் 4 – கரிசல்காட்டு இன்ஜினியர்

நல்ல முறைதான். 1945இல் தொழுநோயாளிகளுக்கான ஊழியத்துக்கு இந்தியா வந்த குவேக்கரான லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கியது. கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால் கால்பங்கு கல் மிச்சம், வெக்கையும் குறையும். ஆனால் கல் ஒரே அளவாக, ஓரம் நேராக இருக்க வேண்டும். அந்தக் கட்டுப் பழகாத கொத்தனார் உங்கள் 8 நாளில் பாதிச் சுவர்தான் எழுப்புவார். தெரிந்தவர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

பதில் 5 – தூக்குக்குண்டு

ஒன்று விட்டுப்போச்சு, தம்பி. கடைசி நாள் வைத்த வரிசைக்கு நீங்கள் பஸ் ஏறிய பிறகும் 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். காலையும் மாலையும், மே மாதத்தில் மதியமும். அந்த அம்மா தலையில் குடம் சுமந்து அதைச் செய்யும்படி விட்டுவிடாதீர்கள். 200 லிட்டர் டிரம் இரண்டு, 50 அடி ஹோஸ், சுவர் மேல் போடப் பழைய சாக்கு வாங்கிக் கொடுத்து, உங்களில் இரண்டு பேர் அந்த 10 நாளும் ஊரிலேயே தங்குங்கள். யார் அந்த இரண்டு பேர் என்று புறப்படுமுன்பே பெயர் எழுதிவிடுங்கள்.