பதிவுக் கோப்புக் கண்காணிப்பு: தேவையற்ற எச்சரிக்கைகளைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) சர்வர் ஒன்றில் நடப்பவை வரிவரியாக எழுதப்படும் பதிவுக் கோப்புகளை, கவனிக்க வேண்டிய வரிகளை மின்னஞ்சலில் அனுப்பும் லாக்செக் என்ற நிரலைக் கொண்டு கண்காணித்து வருகிறேன். மணிக்கொரு முறை வரும் மின்னஞ்சலில் பெரும்பகுதி, இல்லாத பயனர் பெயர்களைக் கொண்டு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியே நுழைய முயன்று தோற்றவர்களைப் பற்றிய வரிகளாகவே இருப்பதால், வட்டுப் பிழை போன்ற முக்கியமான செய்தி இடையில் வந்தாலும் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். எஸ்எஸ்எச் சேவையை இயக்கும் நிரலான எஸ்எஸ்எச்டி என்ற பெயர் உள்ள வரிகள் அனைத்தையும் விலக்கிவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம். அந்த சேவையே வெளியிடும் கடுமையான பிழைச் செய்திகளும் சேர்ந்து மறைந்துவிடும். விலக்கு விதி (எந்த வரிகளை மின்னஞ்சலில் சேர்க்க வேண்டாம் என்று லாக்செக்கிடம் சொல்லும் வடிவம்) என்பது நேரம், சர்வரின் பெயர், சேவையின் பெயர், செய்தி என வரியின் முதலிலிருந்து இறுதிவரை முழுமையாகப் பொருந்துமாறு எழுதப்பட வேண்டும். ஐபி முகவரி, போர்ட் எண் போன்று மாறக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் நெகிழ்வு கொடுங்கள். விதியை லாக்செக்கின் இக்னோர்.டி.சர்வர் அடைவில் (கோப்புறையில்) தனிக் கோப்பாக வையுங்கள். கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் லாக்செக் அதைப் படிக்காது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று பலர் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதுகாப்பு நிகழ்வுகள் என்ற தலைப்பின்கீழ் வரும் வரிகளுக்கு இந்த அடைவின் விதிகள் பொருந்தா, அவற்றுக்கு வயலேஷன்ஸ்.இக்னோர்.டி என்ற வேறு அடைவு உண்டு. நடைமுறைப்படுத்தும் முன், விதிக்குப் பொருந்தும் வரிகளைத் தேடிக் காட்டும் கிரெப் கட்டளையைப் பழைய பதிவுக் கோப்பின்மீது ஓட்டி, எந்தெந்த வரிகள் விலகுகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே உள்ளதை வழிமொழிகிறேன். ஆயினும், வரிகளை மறைப்பதற்கு முன் அவை உருவாவதையே குறைப்பது நல்லது. கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் மறையாக்கக் கோப்பு) வழி நுழைவை மட்டும் அனுமதித்து, மீண்டும் மீண்டும் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிரலை நிறுவுங்கள். அதன் இயல்பு அமைப்பில், 10 நிமிடங்களுக்குள் 5 முறை தோற்கும் முகவரி தடுக்கப்படும். தோற்றுப்போன ஒற்றை முயற்சிக்கு நிர்வாகி செய்ய வேண்டியது எதுவுமில்லை என்பதால், அதற்கு மின்னஞ்சலும் தேவையில்லை என்பதே என் கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விலக்கு விதிகள் பெருகியபின் மின்னஞ்சலே வராத நாட்களில், எல்லாம் சீராக இருப்பதாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள இயலாது. பதிவுச் சேவை நின்றிருந்தாலும், வட்டு நிரம்பியிருந்தாலும், மின்னஞ்சல் அனுப்பும் நிரலே பழுதாகியிருந்தாலும் இதே அமைதிதான் இருக்கும். எனவே பதிவுக் கோப்பில் வரி சேர்க்கும் லாகர் கட்டளை மூலம் நாள்தோறும் ஒரு சோதனை வரியை எழுதச் செய்து, அது மின்னஞ்சலில் வந்து சேராவிட்டால் வேறொரு கணினியிலிருந்து எச்சரிக்கை வருமாறு அமையுங்கள்.