‘பர்சனாலிட்டி டைப்பிங்’: என்ன சொல் போடலாம்?

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சபை ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான் ஏழாம் அதிகாரத்தில் நிற்கிறேன். எனியகிராம் (ஆட்களை ஒன்பது வகையாகப் பிரிக்கும் வரைபடம்), எம்பிடிஐ (பதினாறு வகையாகப் பிரிக்கும் வினாத்தாள்) போன்றவற்றைச் சபையில் பயன்படுத்தலாமா, விசுவாசி அதை எப்படி நிதானிப்பது என்பதுதான் அந்த அதிகாரம். எனியகிராம், பர்சனாலிட்டி டைப்பிங் (ஆளை இன்ன வகை என்று பிரிப்பது), டிஸர்ன்மென்ட் (நிதானித்து அறிவது) மூன்றுக்கும் சொல் வேண்டும். இரண்டாவதற்கு ‘ஆளுமைத் தேர்வு’ என்று போட்டுப் பார்த்தேன். வரைவைப் படித்த மூப்பர் ஒருவர், “இதில் எவ்வளவு மார்க் எடுத்தால் பாஸ்?” என்று கேட்டுவிட்டார்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, கிரேக்கத்தில் ‘எனியா’ ஒன்பது. ‘கிராமா’ எழுதியது, வரைந்தது. ஒன்பதுக்கு நம்மிடம் ‘தொண்டு’ என்ற பழம்பெயர் உண்டு. பரிபாடலில் ‘எட்டெனத் தொண்டென’ வருகிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் ‘தொண்டு தலையிட்ட’ வருகிறது. இன்றைய தொண்ணூறு ஒருகாலத்தில் தொள்ளாயிரத்தைக் குறித்தது, தொண்டு வழக்கொழிந்ததும் ‘தொண்பது’ ஒன்பதாகி வரிசை முழுதும் ஒரு படி கீழே இறங்கியது என்பது பாவாணர் விளக்கம். தொல்காப்பியர் தொண்ணூற்றுக்குச் சொன்ன புணர்ச்சி விதியை இதை வைத்தே அவர் மறுத்தார். அதை இன்னொரு மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு: தொண்டுவரை. ‘நவ’ என்று யாரும் தொடங்க வேண்டாம்.

கோயம்புத்தூர், போதகர்:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். ‘தொண்டுவரை’ என்று அச்சிட்டால், “தொண்டு எதுவரை, பாஸ்டர்?” என்று கேட்பார்கள். நான் ‘நவகட்டம்’ என்பேன். ராசிக்கட்டம் பார்க்கிறவனிடம் போகாதே என்று சொல்லிவிட்டு, சபைக்குள்ளேயே வேறு கட்டம் போட்டுக் கொடுக்கிறோம். சொல்லிலேயே அது தெரியட்டும்.

சென்னை, வாலிபர் ஊழியம்:

‘ஒன்பான்வரை’ என்று அடுத்து யாராவது கொண்டு வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் ஆட்களை எண்ணால்தான் அழைப்பார்கள்: “நான் நாலு, நீ ஏழு.” ஒன்பது என்பது நம் ஊரில் யாரைக் கேலி செய்ய வசவாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முகாமில் ஒன்பதாம் வகை என்று வந்த பையனை மற்றப் பையன்கள் சும்மா விடமாட்டார்கள். இத்தனைக்கும் ஒன்பதாம் வகை சமாதானம் பண்ணுகிறவனாம்.

மதுரை, இறையியல் ஆசிரியர்:

‘நவகட்டம்’ வேண்டாம். தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் அதிகாரம் எதற்கு?

எனியகிராம் பாலைவனப் பிதாக்களிடமிருந்து (பாலைவனத்தில் வாழ்ந்த ஆதிக் கிறிஸ்தவத் துறவிகளிடமிருந்து) வந்தது என்று கையேட்டில் எங்காவது இருந்தால் திருத்திவிடுங்கள். நான்காம் நூற்றாண்டில் அவர்களில் ஒருவரான எவாகிரியுஸ் எழுதியது எட்டுத் தீய எண்ணங்களைப் பற்றி. பின்னால் போப் மகா கிரகோரியார் அதை ஏழாக்கினார். ஒன்பது எங்கும் இல்லை. அந்த உருவத்தை ஐரோப்பாவில் பரப்பியவர் குர்ஜியெஃப் என்ற ஆன்மீக ஆசான். அதில் ஆளுமை வகைகளை ஏற்றியவர்கள் பொலிவியாவின் இச்சாசோவும் சிலி நாட்டு மனநல மருத்துவர் நரஞ்சோவும். 1970களில் இயேசு சபையார் (ஜெசுயிட் துறவிகள்) சிலர் வழியாக அது அமெரிக்கத் தியான இல்லங்களுக்குள் வந்தது. எம்பிடிஐயின் வழி வேறு: உளவியலாளர் யுங் 1921இல் வெளியிட்ட நூலை வைத்து ஒரு தாயும் மகளும் கட்டியது. அதை வெளியிடுகிறவர்களே, ஆளைப் பொறுக்கி எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். நாமோ ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே இரண்டையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள். எனியகிராமை அப்படியே விடுங்கள். பொதுச்சொல்லாக ‘குணவகைப்பாடு’ வைக்கலாம்.

திருநெல்வேலி, சபை உறுப்பினர்:

‘குண’ என்று தொடங்கினால் நான் எதிர்ப்பேன். குணத்தையும் கர்மத்தையும் பார்த்து நாலு வருணமாகப் பிரித்தேன் என்று கீதை சொல்கிறது. அந்தப் பிரிவின் அடியில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் சபையில் பாதிப்பேர். “அவன் பிறவிக்குணம் அப்படி” என்று கேட்டே வளர்ந்தோம். இப்போது மேடையில் ஏறி, நீ இரண்டாம் வகை, உனக்குச் சேவைதான் வரும் என்றால், கல்லறைத் தோட்டத்தில் கூட வரிசை பிரித்து வைத்திருக்கும் சபையில் அது யார் காதில் எப்படி விழும்? புதுச் சொல் கிடைக்காததால் இங்கே ஆளை வகைப்படுத்தும் வேலை எதுவும் நின்றுபோய்விடவில்லை.

கோயம்புத்தூர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘சுபாவம்’ எப்படி? சபையில் எல்லோருக்கும் புரியும். எபேசியர் 2:3இல் சுபாவத்தினாலே கோபாக்கினையின் பிள்ளைகள். 2 பேதுரு 1:4இல் திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள். இரண்டுக்கும் ஒரே சொல். சுபாவம் மாறும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாளையங்கோட்டை:

வடசொல். ‘இயல்வகை’ என்க.

மட்டக்களப்பு, கத்தோலிக்க ஆசிரியை:

‘இயல்வகை’ என்டால் எங்கட பிள்ளைகள் இயல், இசை, நாடகம் என்டு நினைக்கும், சேர். நான் டிஸர்ன்மென்டுக்கு வாறன். நாங்கள் ‘தேர்ந்து தெளிதல்’ என்டுதான் சொல்லுறனாங்கள். 2003இல புது யுக (நியூ ஏஜ்) இயக்கம் பற்றி வத்திக்கான் விட்ட ஆவணம், எனியகிராமை ஆன்மீக வளர்ச்சிக்கான வழியாக எடுத்தால் விசுவாசத்தில குழப்பம் வரும் என்டு எச்சரிக்குது. ஆனாலும் தியானத்துக்குப் போற இடங்களில அது இன்னும் நடக்குது. அதால எங்களுக்கு இந்தச் சொல் அவசரமாய்த் தேவை.

சென்னை:

பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 12:10 ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’. ஆனால் பிள்ளைகளிடம் ‘பகுத்தறிவு’ என்றால் பெரியார்தான் நினைவுக்கு வருவார். 1934இல் அந்தப் பெயரிலேயே பத்திரிகை நடத்தியிருக்கிறார்.

கோயம்புத்தூர்:

அதற்கு முன்பே நம் வேதத்தில் இருந்த சொல், தம்பி. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாளையங்கோட்டை:

ஆசிரியை சொன்னதற்கு மூலமே குறள் 51ஆம் அதிகாரம், ‘தெரிந்து தெளிதல்’! ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.’ எம்பிடிஐக்காரர்கள் பதினாறு வகையில் சொல்வதை வள்ளுவர் ஏழு சீரில் முடித்துவிட்டார்.

மதுரை:

ஐயா, அங்கேதான் சிக்கல். அந்த அதிகாரம் அரசன் வேலைக்கு ஆளைத் தெரிந்தெடுப்பது பற்றி. இந்தக் கையேட்டில் சோதிக்கப்பட வேண்டியது ஆள் அல்ல, ஆளை அளக்கும் கருவி. ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்ற வசனத்தின் பொருள்தான் இங்கே வேண்டும். குறளை மேற்கோள் காட்டினால் ஊழியர்கள் கருவியை விட்டுவிட்டு ஆளை நாட ஆரம்பித்துவிடுவார்கள்.

பாளையங்கோட்டை:

510ஆம் குறளையும் படியுங்கள். தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும். ஒருமுறை நம்பி வேலை கொடுத்தவனை வகை பார்த்துச் சந்தேகப்படாதே என்கிறார். கருவிக்கு எதிராகவே வாசிக்கலாம்.

நாகர்கோவில்:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இப்படிப் போகிறது: ‘எனியகிராம்’ அப்படியே, ‘ஆளுமை வகைப்படுத்தல்’, வசனம் வரும் இடத்தில் ‘பகுத்தறிதல்’, மற்ற இடங்களில் ‘தேர்ந்து தெளிதல்’. ‘சுபாவம்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பதிப்புக் குழுவில் நால்வரில் மூவர் ‘ஆளுமை’ என்றார்கள். திருநெல்வேலி நண்பர் எழுதியதை, அவர் சம்மதித்தால், அதிகாரத்தின் முதல் பெட்டிச் செய்தியாகப் போட விரும்புகிறேன்.

திருநெல்வேலி:

போடுங்கள். பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்ட வரியை எடுத்துவிடாதீர்கள்.

பாளையங்கோட்டை:

‘எனியகிராம்’ என்றால் எடைக்கல்லா, சிற்றூரா என்று படிப்பவன் கேட்பான். என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதிவு செய்யவும். தொண்ணூறு பற்றிய மடல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரும்.