புதுப்பிப்பு: அடியில படுத்துக் கிடந்த பெட்டா மீன் இப்போ தீனி எடுக்குது

புதுசா வாங்கின நீல பெட்டா துடுப்பைச் சுருக்கிக்கிட்டு, ஒண்ணும் தின்னாம அடியிலேயே கிடக்குதுன்னு முன்னாடி எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பிழைச்சுக்கிச்சு.

முதல்ல சூடு. மார்கழி ராத்திரி கிருஷ்ணகிரி குளிருக்குச் சின்ன ஜாடித் தண்ணி சட்டுனு ஆறிடுது. இந்த மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வேணும். 20 லிட்டர் தொட்டிக்கு மாத்தி, ஹீட்டர் போட்டதும் மேலே வர ஆரம்பிச்சுது.

பெட்டா மேல வந்து காத்தை நேரா இழுத்துக்கும், அதனால ஜாடியே போதும்னு கடைகள்ல சொல்றாங்க. மூச்சுக்குச் சரி. ஆனா அதோட கழிவுல வர்ற அமோனியாங்கிற விஷம் எங்க போகும்? அதைச் சிதைக்கிற பாக்டீரியா புதுத் தொட்டியில வளர வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவா ஓடவிட்டு, ரெண்டு நாளைக்கு ஒருதடவை கால் பங்கு தண்ணி மாத்துறேன். குழாயில வர்றது ஒகேனக்கல் தண்ணி, குளோரின் போட்டது. குளோரின் நீக்குற மருந்து கலந்து, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊத்துறேன்.

இன்னிக்கு மீன் தீனிக் குருணையை வாயில கவ்வி, துப்பி, மறுபடி கவ்வித் தின்னுச்சு. கிழிஞ்ச வாலோரத்துல நிறமில்லாத மெல்லிசு விளிம்பு தெரியுது. புதுத் துடுப்பு வளருது!

தொட்டியில போட, பூச்சிமருந்து படாத நாட்டு வாதாம் இலை காவேரிப்பட்டணம் பக்கம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன்.