ஏற்கெனவே கறுப்பு, சன்ஸ்கிரீன் எதற்கு?

வெயில்காய்ச்சி:
நான் நல்ல கறுப்பு. சன்ஸ்கிரீனைக் கையில் எடுத்தாலே இரண்டு விதமான பேச்சுதான் வருகிறது. "இனிமேல் கறுக்க என்ன இருக்கு?" என்று ஒன்று, "போட்டுக்கோ, கொஞ்சமாவது வெளுக்கும்" என்று இன்னொன்று. வெளுக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் ஏங்கினேன்தான், இப்போது இல்லை. நிறத்தை விட்டுவிடுங்கள், தோலுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா? முன்பு ஒன்று வாங்கி, முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனதால் தூக்கிப் போட்டேன்.

நிழல்தேடி:
உண்டு. தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற நிறமி காப்பாற்றுவது உண்மை, ஆனால் நன்றாகக் கறுத்த தோலுக்கே அது சுமார் எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் பாதுகாப்பு எண்) 13 அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் (வெள்ளைத் தோலுக்கு 3 சொச்சம்). நமக்குச் சட்டென்று சிவந்து எரியாது, அதனால் வெயில் ஒன்றும் செய்யவில்லை என்று இருந்துவிடுகிறோம். மங்கு என்கிற முகத் திட்டும், பரு ஆறிய இடத்துக் கருந்திட்டும் நம் தோலில்தான் பிடிவாதமாக நிற்கும், வெயில் பட்டால் இன்னும் அடர்த்தியாகும்.

மாநிறத்தான்:
அந்தச் சாம்பல் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு செய்கிற வேலை, இரண்டுமே வெள்ளைத் தூள். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்குத் திட்டை அதிகமாக்கும், அதையும் இது ஓரளவு தடுக்கும். அப்புறம், எஸ்பிஎஃப் எண் முக்கியமாகத் தோலை எரிய வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிருக்கானது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவது யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிர், அதற்கு டப்பாவில் பிஏ (PA) குறி இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பொட்டு வைக்கிற அளவு தொட்டுத் தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

பழையகதை:
"வெளுக்கும்" என்று சொன்னவர்களிடம் என் கதையைச் சொல்லுங்கள். பொருட்பட்டியலே இல்லாத ஒரு கிரீமை ஆறு மாதம் போட்டேன், முதலில் பளபளப்பு, நிறுத்தியதும் எரிச்சல், முகமெல்லாம் பரு. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். சிலவற்றில் பாதரசமே இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சன்ஸ்கிரீன் யாரையும் வெளுக்க வைக்காது, அந்த ஆசையில் வாங்கினால் ஏமாற்றம்தான்.

குறுக்குக்கேள்வி:
எல்லாம் சரி, தோல் புற்றுநோய் என்று மட்டும் யாரும் பயமுறுத்த வேண்டாம். கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, அதாவது வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்கள். 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்கு அது தொடங்கியது கால் பெருவிரல் நகத்தடியில். அங்கே கிரீம் பூசி என்ன பயன்? அவ்வப்போது காலைத் திருப்பிப் பாருங்கள், அது போதும்.

வெயில்காய்ச்சி:
இதைப் படித்த கையோடு பார்த்தேன், பெருவிரல் நகத்தில் ஒரு கருப்புக் கறை! போன மாதம் இடித்துக்கொண்ட விரல்தான்.

குறுக்குக்கேள்வி:
இடித்த ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகரும். நகராமல் நின்றாலோ, கோடாக அகலமானாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.