ஒரு மாதம் தாண்டினால் சங்ஷனை எதிர்த்துக் கேட்கவே முடியாதா?

வேப்பம்பூ (திங்கள், இரவு 9:12)

நேற்று இங்கே வடமராட்சியான் அண்ணை எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிரித்தானிய அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் தருகிற யூனிவேர்சல் கிரெடிற்றில் சங்ஷன் (நிபந்தனை மீறியதாகச் சொல்லி உதவிக் காசை வெட்டும் தண்டனை) விழுந்து ஒரு மாதம் தாண்டினால் "கதவு பூட்டு, இனிக் கேட்க இடமில்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே பதினொரு பேர் நன்றி அண்ணை என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் தங்கள் காசை விட்டுவிட்டுப் போகப்போகிறார்களோ தெரியாது.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2025 மே மாதம். வேர்க் கோச்சுடன் (அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்ரரின் அதிகாரி) சந்திப்பு தொலைபேசியில் என்றுதான் முதலில் போட்டிருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் ஜேர்ணலில் (இணையக் கணக்கில் அவர்களோடு செய்தி பரிமாறும் பக்கம்) அதை நேரில் வரவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இவன் அதைப் பார்க்கவில்லை. காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தான். வரவில்லை என்று பதிந்துவிட்டார்கள். அடுத்த சந்திப்பு கிடைக்கப் பன்னிரண்டு நாள். அதோடு தண்டனையாக இன்னும் ஏழு நாள். ஆக 19 நாள், நாளுக்கு 13 பவுண் 10 பென்ஸ். 248 பவுண் 90 பென்ஸ் வெட்டினார்கள். அப்போது மாதம் 400 பவுணும் 14 பென்சும் வாங்கினவனுக்கு அது எவ்வளவு பெரிய வெட்டு என்று யோசியுங்கள்.

அவன் வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தது செப்டெம்பரில், நாலு மாதம் கழித்து. நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். முடிவை மாற்றி முழுக் காசையும் திருப்பிப் போட்டார்கள். நாலு மாதம் கழித்து. ஒரு மாதம் இல்லை.

வடமராட்சியான் (திங்கள், இரவு 9:40)

தங்கச்சி, நான் பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இருந்து சனத்துக்கு ஃபோம் நிரப்பிக் கொடுக்கிறேன். நீங்கள் நிரப்பியது ஒன்று. முடிவை அறிவிக்கிற லெற்றரில் ஒரு மாதம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு யாரோ இரக்கம் பார்த்திருக்கிறார்கள். இரக்கம் சட்டம் ஆகாது.

வேப்பம்பூ (திங்கள், இரவு 9:58)

இரக்கமா? 2013ஆம் ஆண்டு கொண்டுவந்த முடிவுகள், மேன்முறையீடுகள் பற்றிய விதிகளில் 14ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். சங்ஷன் முடிவை எந்த நேரத்திலும் திருத்தலாம் என்று இருக்கிறது. எந்த நேரத்திலும். மற்ற முடிவுகளுக்குத்தான் அந்த ஒரு மாதக் கெடு. சங்ஷனுக்குத் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள், அதை லெற்றரில் சொல்வதில்லை. அதைத்தான் நான் எழுதினேன், அதைப் படித்துத்தான் காசைத் தந்தார்கள்.

வடமராட்சியான் (திங்கள், இரவு 10:05)

"திருத்தலாம்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். திருத்த வேண்டும் என்று இல்லை. "லாம்" என்றால் அவர்கள் விரும்பினால். லெற்றரில் ஒரு மாதம்.

பெற்றோல்காரன் (திங்கள், இரவு 10:31)

நான் 1988இல் வந்தேன். இரவில் பெற்றோல் ஷெட், பகலில் சாமான் கடை, சனி ஞாயிறு பேப்பர் போடுவது. பனியில் கால் விறைத்துப் போகும். அரசாங்கக் காசு ஒரு பென்ஸ் எடுத்தது கிடையாது. பத்து மணிக்கு வரச்சொன்னால் ஒன்பதரைக்குப் போய் நிற்கவேண்டியதுதானே? இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சந்திப்புக்குப் போவதற்கும் பஞ்சி. அதற்குப் பிறகு சட்டம் வேறு.

வேப்பம்பூ (திங்கள், இரவு 10:49)

போன் அடிக்கும், வீட்டில் இருங்கள் என்று சொன்னவர்களிடம் ஒன்பதரைக்கு எங்கே போய் நிற்பது? நான் எழுதியதை வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

நீங்கள் எடுக்கவில்லை என்றால் சந்தோசம். ஆனால் உங்கள் காலத்தில் வந்த எல்லோரும் எடுக்கவில்லை என்று கதை கட்டவேண்டாம். 1996க்கு முன் அகதி மனுப் போட்டவர்களுக்கும் இன்கம் சப்போட் என்ற அரசாங்க உதவிக் காசு கொடுத்தார்கள். எங்கள் அப்பா எடுத்தார். அதை எடுத்துத்தான் எங்களுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கினார். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

சங்ஷன் என்றால் வேலைக்குப் போகப் பஞ்சிப்படுகிறவனுக்கு விழுவது என்று இங்கே நிறையப்பேர் நினைக்கிறீர்கள். விழுகிற சங்ஷன்களில் மிகப் பெரும்பாலானவை சந்திப்பைத் தவறவிட்டதற்கு. வேலையை மறுத்ததற்கு இல்லை. வேலையை மறுத்தால் முதல் தரம் 91 நாள், ஒரு வருடத்துக்குள் மறுபடி என்றால் 182 நாள். 2019 நவம்பர் வரைக்கும் அது மூன்று வருடம் வரை போகலாம் என்று வைத்திருந்தார்கள். மூன்று வருடம் ஒரு மனிதன் என்ன சாப்பிடுவான்? பாராளுமன்றக் குழுவே 2018இல் சில இடங்களில் இது பயனில்லாத கொடுமை என்ற பொருளில் எழுதியது.

வடமராட்சியான் (திங்கள், இரவு 11:02)

பாராளுமன்றத்துக்குப் போய்விட்டீர்கள். நான் கேட்டது ஒரு மாதத்தைப் பற்றி. அதற்குப் பதில் இல்லை.

திருச்சிக்காரன் (செவ்வாய், காலை 7:20)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கு அவர்கள் அனுப்புகிற நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் ட்ரிபியூனலுக்கு (துறைக்கு வெளியே இருக்கும் தீர்ப்பாயம்) அப்பீல். முதல் படிக்கு ஒரு மாதம், இரண்டாம் படிக்கு நோட்டீஸ் தேதியிலிருந்து தனியாக ஒரு மாதம். எந்த மாதத்தைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வடமராட்சியான் (செவ்வாய், காலை 7:41)

தம்பி, வேலை விசாவில் வந்தவர்களுக்குப் பொது நிதி எடுக்கவே அனுமதி இல்லை. உங்களுக்கு இதில் என்ன அனுபவம்?

திருச்சிக்காரன் (செவ்வாய், காலை 8:03)

நான் வந்தது 2009ல் சார். குடியுரிமை வாங்கி வருஷக்கணக்காகிறது. 2020ல் கம்பெனி மூடியபோது நானும் கிரெடிட் வாங்கினேன். அந்த வருஷம் மார்ச் கடைசியிலிருந்து மூன்று மாதம் சங்ஷனையே நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் தப்பித்தேன். விசாவைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்? நான் சொன்னது சரியா தப்பா, அதைச் சொல்லுங்கள்.

பெற்றோல்காரன் (செவ்வாய், காலை 8:15)

2009இல் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக இருந்தோம். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

திருச்சிக்காரன் (செவ்வாய், காலை 8:22)

இரண்டு நாள் நானும் அங்கே வந்து உட்கார்ந்தேன் ஐயா. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மதியழகி (செவ்வாய், காலை 10:37)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கும் சங்ஷன் விழுந்திருக்கிறது. முடிவு வந்து ஆறு கிழமை. மகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், சந்திப்பை விட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கே ஜேர்ணலில் எழுதினேன், யாரும் பதில் போடவில்லை. வாடகைக் காசும் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. அது உண்மையா? நான் இப்போது கேட்கலாமா கூடாதா?

வேப்பம்பூ (செவ்வாய், காலை 11:05)

மதி, பயப்படவேண்டாம். சங்ஷனில் கை வைப்பது உங்களுடைய அடிப்படைத் தொகையில் மட்டும். வாடகைக்குரிய பகுதியிலும் பிள்ளைக்குரிய பகுதியிலும் தொடமாட்டார்கள். வீட்டு உரிமையாளருக்கு இன்றைக்கே ஒன்றும் சொல்லவேண்டாம்.

கட்டாயம் கேட்கலாம். இன்றைக்கே ஜேர்ணலில் மறுபரிசீலனை வேண்டும் என்று எழுதுங்கள். முடிவின் திகதியைப் போடுங்கள். எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் கூப்பிட்டது, போனில் அந்த அழைப்பு இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு வரி எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கே ஜேர்ணலில் போட்டேன் என்பதை முதல் வரியாக எழுதுங்கள், அதுதான் உங்கள் பலம். தக்க காரணம் என்றால் எது எது என்று சட்டத்தில் பட்டியல் கிடையாது. அதனால் உங்கள் காரணத்தை நீங்கள்தான் விளக்கவேண்டும். சும்மா "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று ஒரு வரியில் விடவேண்டாம். வேறு யாரும் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர முடியாது என்றால் அதையும் எழுதுங்கள்.

கையில் காசில்லை என்றால் ஹார்ட்ஷிப் என்ற கஷ்டகால உதவிக் காசைக் கேளுங்கள். வெட்டிய காசில் 60 வீதம் தருவார்கள். ஆனால் அது கடன், பிறகு மாதம் மாதம் பிடிப்பார்கள். ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்கவேண்டும்.

வடமராட்சியான் (செவ்வாய், நண்பகல் 12:10)

பிள்ளை, ஆறு கிழமை என்றால் ஒரு மாதம் தாண்டிவிட்டது. பொய் நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பழக்கம் இல்லை. அடுத்த தரம் நேரத்துக்கு வாருங்கள், நான் மண்டபத்தில் இருப்பேன்.

வேப்பம்பூ (செவ்வாய், நண்பகல் 12:19)

ஒரு தாய் வந்து கேட்கிறாள், அவளிடமும் அதையே சொல்கிறீர்கள்! ஒரு மாதம் தாண்டினாலும், 14ஆம் விதியை விட்டாலும்கூட, காரணத்தைச் சொல்லி 13 மாதம் வரைக்கும் கேட்கலாம். பிந்திவிட்டது என்று பார்க்கவே மறுத்தால், அந்த 13 மாதத்துக்குள் கேட்டிருந்தால், ட்றிபியூனலுக்குப் போகலாம் என்று 2017இல் மேல் ட்றிபியூனல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அங்கே போவதற்குக் கட்டணம் இல்லை. தமிழில் பேசவேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை அவர்களே போடுவார்கள், அதற்கும் காசு இல்லை. இருக்கிறவர் நீதிபதி, ஜொப் சென்ரர் ஆள் இல்லை. இதையெல்லாம் பதினைந்து வருடத்தில் மண்டபத்தில் யாருக்காவது சொன்னீர்களா?

வடமராட்சியான் (செவ்வாய், நண்பகல் 12:33)

என்னால் எத்தனை குடும்பம் வீடு எடுத்தது, எத்தனை பேர் கவுன்சில் வரியைக் குறைத்தது என்று கோயிலில் போய்க் கேளுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடப் பொதுக்கூட்டத்திலும் நீங்கள் இப்படித்தான் கணக்கு வழக்கு என்று எழும்பி நின்றீர்கள். கடைசியில் கணக்குச் சரியாக இருந்தது. மறக்கவில்லை.

13 மாதம் என்பது விதிவிலக்கு. விதி ஒரு மாதம்.

வேப்பம்பூ (செவ்வாய், மதியம் 1:02)

கணக்கு சரியாக இருந்தது நான் கேட்ட பிறகு. அதற்கு முன் இரண்டு வருடம் காட்டவில்லை.

நான் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சனம் லெற்றர் என்றால் பயப்படும். அரசாங்கம் ஒன்றை எழுதிவிட்டால் அது கடைசிச் சொல் என்று நினைக்கும். நாங்கள் வளர்ந்த இடம் அப்படி, கந்தோரில் குரல் உயர்த்தினால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். இந்த நாட்டில் கேட்டால் மாற்றுவார்கள். சம்பளம் இல்லாமல் கடையில் வேலை செய் என்று அனுப்பிய திட்டத்தை எதிர்த்துக் கேட் ரெய்லி என்ற இளம்பெண் வழக்குப் போட்டது தெரியுமா? 2013இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த விதிகள் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். அரசாங்கம் அவசரமாகப் புதுச் சட்டம் போட்டுத் தன்னைக் காப்பாற்றப் பார்த்தது. இருபது சொச்சம் வயதுப் பிள்ளை. கேட்டதால்தான் அது நடந்தது.

பெற்றோல்காரன் (செவ்வாய், மதியம் 1:30)

சம்பளம் இல்லாமல் கடையில் வேலையா? நான் வந்த முதல் ஆறு மாதம் மணிக்கு ஒன்றரைப் பவுணுக்கு நின்றேன். அதுவும் எங்கள் ஆளிடம். யாரிடம் வழக்குப் போட?

வேப்பம்பூ (செவ்வாய், மதியம் 1:44)

அது பிழை என்று தெரிந்துதானே சொல்கிறீர்கள். அப்போது உங்களுக்காகக் கேட்க ஆளில்லை. இப்போது இவளுக்காகக் கேட்கிறவர்களையும் ஏன் மறிக்கிறீர்கள்?

திருச்சிக்காரன் (செவ்வாய், மாலை 6:10)

மதியழகி மேடம், ஒரு விஷயம் மட்டும். முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அது தனி உரிமை. எழுதும்போது பிந்தியதற்கான காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள், 14ஆம் விதியையும் போடுங்கள். இரண்டும் இருந்தால் யார் சொல்வது சரி என்பது உங்களைப் பாதிக்காது.

வடமராட்சியான் (செவ்வாய், மாலை 6:25)

யார் சொல்வது சரி என்பது லெற்றரிலேயே இருக்கிறது. இரண்டாம் பக்கம்.

வேப்பம்பூ (செவ்வாய், மாலை 6:31)

14ஆம் விதி.

மதியழகி (செவ்வாய், இரவு 9:50)

ஜேர்ணலில் எழுதிவிட்டேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் அழைத்த நேரத்தைப் போட்டு லெற்றர் தந்தார்கள், அதையும் நாளைக்குக் கொடுக்கிறேன். வேப்பம்பூ அக்கா, நீங்கள் சொன்ன அந்த எந்த நேரத்திலும் என்பதைத் தமிழில் எழுதினால் ஏற்பார்களா, ஆங்கிலத்தில் எழுதித் தருவீர்களா?

வடமராட்சியான் (செவ்வாய், இரவு 9:57)

ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன் பிள்ளை, ஞாயிறு மண்டபத்துக்கு வாருங்கள். ஆனால் ஒரு மாதம் முடிந்துவிட்டது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூ (செவ்வாய், இரவு 9:59)

ஞாயிறு வரைக்கும் ஏன்? மதி, தனிச் செய்தி போட்டிருக்கிறேன், பாருங்கள்.