லார்ட் என்ற சொல்லுக்குள் ரொட்டியா?

கொடிமுல்லை:
லார்ட் என்றால் முதலில் 'ரொட்டியைக் காப்பவர்' என்றுதான் பொருளாம், தோழி சொன்னாள். வீட்டுக்குச் சொந்தக்காரர் லேண்ட்லார்ட், நீதிபதி மை லார்ட், தேவாலயத்தில் கடவுளும் லார்ட், இத்தனையும் ஒரு ரொட்டியிலிருந்தா வந்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலேணி:
உண்மைதான். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய லோஃப் அதுதான். 'வெயார்ட்' என்றால் காவலர். இரண்டும் ஒட்டி ஹ்லாவோர்ட், தேய்ந்து லாவர்ட், அப்புறம் லார்ட். வேகமாக நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தேய்மானம் நாக்கிலேயே தெரியும். லேடியும் இதே வீட்டுப் பெண்தான். 'ஹ்லாவ்டியே', ரொட்டி மாவு பிசைபவள். பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லுக்கும் அதே வேர்.

களத்துமேடு:
நமக்கு இது புரியாத விஷயமே இல்லை, 'படியளப்பவர்' என்கிறோமே! என் தாத்தா களத்தில் மரக்காலால் நெல் அளந்து கூலி கொடுப்பார், முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் 'லாபம்' என்பார், எதிரே துண்டை விரித்து நிற்பவர்களுக்கு அவர்தான் படியளப்பவர். அதே சொல்லைத்தான் கடவுளுக்கும் சொல்கிறோம்.

நூலேணி:
அருமையான ஒப்பீடு. ஆனால் ஆங்கிலத்தில் அது கடவுளிடம் போய்ச் சேரக் கொஞ்சம் காலமானது. அங்கே கடவுளுக்கு 'த்ரிக்டென்' என்று தனிச்சொல் இருந்தது, அது வழக்கொழிய ஒழிய லார்ட் அந்த இடத்தைப் பிடித்தது. லேடியோ எதிர்ப்பக்கம் நடந்து, எஜமானி என்ற நிலையிலிருந்து எந்தப் பெண்ணையும் மரியாதையாகக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: 'ஹ்லாஃப்ஏட்டா', அதாவது ரொட்டி தின்பவன். ஒரு வீட்டை அண்டிச் சாப்பிடும் வேலையாள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட அரசர் ஏத்தல்பர்ட் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய சட்டத்தில் வருகிறது, ஒரு குடியானவரின் ரொட்டி தின்பவனை யாராவது கொன்றால் 6 ஷில்லிங் தர வேண்டும்.

கொடிமுல்லை:
காப்பவர், பிசைபவள், தின்பவன் என்று ஒரு வீடே இருந்திருக்கிறது! தின்பவனுக்கான சொல் இப்போது வழக்கில் உண்டா?

நூலேணி:
இல்லை. மற்ற இரண்டும்தான் மிஞ்சின.